அண்ணன் கூப்பிட்ட குரல்

அன்புள்ள அம்மாவுக்கு, சுடர்விழி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா? அப்பா மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாரா? குறுவை நடவு முடிந்ததா?

இங்கே பிரான்சில் இந்த வாரம் அரை ஸ்பூன் தண்ணீரை மெல்லிய தகட்டுப் பெட்டிக்குள் அடைத்து, நியூட்ரான் கதிரைச் செலுத்தி, தண்ணீரின் மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்று பார்த்தோம். நேற்று மதியம் நான் மட்டும் கணினி முன்னால் இருந்தேன். திரையில் அந்த அசைவு கோடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது, "பாப்பா!" என்று அறிவு அண்ணன் கூப்பிட்டது கேட்டது.

"இதோ வர்றேண்ணே" என்று எழுந்தே விட்டேன்.

கூட வேலை பார்க்கும் கிளேர் வாசலில் நின்று, "யாரிடம் பேசினாய்?" என்றாள்.

"வீட்டிலிருந்து போன்" என்று சிரித்துச் சமாளித்தேன். பயப்படாதே, மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் போனில் சொல்ல வாய் வரவில்லை. கொள்ளிடத்தில் மூழ்கிய அன்றைக்கும் அண்ணன் அப்படித்தான் கூப்பிட்டான். விளையாடுகிறான் என்று நினைத்து நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று உன்னிடமும் அப்பாவிடமும் சொன்னது பொய்.

சுண்டைக்காய் வத்தல் அனுப்பும்போது அவன் போட்டோ ஒன்றையும் வைத்து அனுப்பு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திட்டியாவது ஒரு வரி பதில் எழுதும்மா.

உன் மகள்,
சுடர்விழி