சந்திர சூரியர் உள்ளவரை செல்லும் பெயர்

மழை அளவோடு பெய்க, மண் கரையாது நிற்க. கார்வெளி நாடாளும் பெருமானடிகளின் ஓலைநாயகம் இளம்பரிதியார் திருமுன்பு, பேரேரி மடைக்காவல் தலைவன் கொற்றியான் கைப்பட எழுதும் ஓலை.

இந்நாளில் எவரும் வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மழை வருமா என்றாலும் ஊர்ச்சாவடிக் கணினியைத்தான் குனிந்து பார்க்கிறார்கள். அந்தக் குனிவை நம்பித்தானே தேவரீர், மடை திறக்கும் சேதிக்கு முரசு வேண்டாம், அரண்மனை இணையதளத்தில் இட்டாலே போதும் என்று ஆணையிட்டு, முரசுக்காரரையும் வேறு பணிக்கு அனுப்பினீர்கள்.

இன்று ஏரி கரை தொட்டு நிற்கிறது. மடை திறக்காவிட்டால் கரை உடையும். சொல்லாமல் திறந்தால் கீழ்மடையூர்கள் மூன்றும் மூழ்கும். சேதி இடலாமென்று தளத்தைத் திறந்தால், அங்கே எவனோ கடல்கடந்தவன் கிளிக்கூண்டு விற்றுக்கொண்டிருக்கிறான்!

தங்கள் வலைப்பணியாளர் நப்பின்னையாரைக் கேட்டேன். தளமென்பது ஏடுகளின் கட்டு. அக்கட்டு குடியிருக்கும் உறங்காத கணினி சர்வர். அதில் இடம் பிடித்து வைப்பது ஹோஸ்டிங். அவ்விடத்துக்கு மக்களை அழைத்துப்போகும் பெயர் டொமைன் என்று பொறுமையாகவே சொன்னார். ஏடுகள் யாவும் சர்வரில் பத்திரமாம், பெயர்தான் போய்விட்டதாம். ஆள் உள்ளே இருக்கிறான், வாசல்தான் இல்லையென்றால் அதற்குப் பெயர் சிறையா அம்மா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

டொமைனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமாம். மறந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். பெயர் விற்றவனிடமிருந்து நினைவூட்டும் மடல் பலமுறை வந்ததாம். தங்கள் ஓலைக்களத்தாரோ, பெருமானடிகள் அருளிய பெயர் சந்திர சூரியர் உள்ளவரை செல்லுமென்று கல்லிலேயே வெட்டியாயிற்று, புதுப்பிக்கச் சொல்ல இவன் யார் என்று மடலை ஒதுக்கிவிட்டார்களாம். சந்திரனும் இருக்கிறது, சூரியனும் இருக்கிறது. பெயரைத்தான் காணோம்.

புதுப்பெயர் வாங்கி அதே சர்வரைக் காட்டச் செய்யலாம், அது எங்கும் பரவச் சற்று நேரமாகும் என்கிறார் நப்பின்னையார். பரவட்டும். புதுப்பெயர் இன்னதென்று கீழ்மடையாருக்கு யார் சொல்வது? அதையும் தளத்தில் இடுவதா?

ஆகவே பொழுது சாய மடை திறக்கும்படி என் ஆட்களுக்கு ஆணையிட்டு, கொட்டிலில் கிடந்த முரசை எடுத்துக்கொண்டு நானே இறங்கிப் போகிறேன். தோல் ஊறிக் கிடக்கிறது. ஓசை முதல் ஊரைத் தாண்டாது. மூன்றாம் ஊர்வரை நடந்தே சொல்ல வேண்டும், அதற்குள் தண்ணீர் என்னைப் பிடித்துவிடும். தெரிந்தேதான் போகிறேன். புதுப்பெயரை எனக்கு எழுதியனுப்ப வேண்டாம்.

மடைத்திறவுகோல் முத்திரை இட்டேன். ஈரத்தில் அரக்கு ஒட்டவில்லை.