குந்தி செய்த ஹட்டன் சரக்கு

1961 மார்ச் 6
குந்த வைத்துவிட்டார்கள். தேயிலைத் தோட்ட லயத்தில், எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பின் மூலையில், கோணிச்சாக்குத் திரைக்குப் பின்னால். இனி நான் பேச்சியம்மா இல்லை, குந்தி! ‘பெரிய மனுஷி ஆயிட்டா’ என்கிறார்கள். மனுஷி பெரிசு, மூலை சிறிசு. காலை நீட்டினால் சாக்குக்கு வெளியே போகிறது. தீட்டு பாதி, திட்டு மீதி.
குளிருக்குக் கணப்புச்சட்டி. பேய்க்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. எனக்கு எழுத இந்தப் பள்ளிக்கூடக் கொப்பி.

மார்ச் 8
ராக்காயி அத்தை ஒரு டம்ளர் நல்லெண்ணெய் நீட்டினாள். “கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிருடி, இடுப்பெலும்பு இரும்பாயிரும்.” நான் என்ன கதவுக் கீலா, எண்ணெய் விட? அவள் திரும்பியதும் மருந்துப் போத்தலில் ஊற்றி ஒளித்தேன்.

மார்ச் 9
அப்பா அம்மாவிடம் சொன்னது சாக்கு வழியே கேட்டது. “தண்ணி ஊத்துனதும் கங்காணிகிட்ட இவ பேரக் குடுத்துருவோம். கொழுந்தெடுக்கட்டும். ஹட்டன் டவுனுக்குப் படிக்கப் போனது போதும்.”
போதுமா? எட்டாம் வகுப்பு பாதியில் நிற்கிறதே! அம்மா ரொட்டி தட்டும் சத்தம் நிற்கவே இல்லை. பேச்சிக்கே பேச்சு வரல.

மார்ச் 11
மிஞ்சின ரொட்டி காய்ந்து கிடந்தது. பேய் விரட்டும் கத்தியால் முக்கோணமாக வெட்டினேன். குடிக்காத எண்ணெயைத் தடவினேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் என் தோழி மீனம்மா சாக்கு இடுக்கில் உப்பும் மிளகாய்த்தூளும் நீட்டினாள். தூவி, பிஸ்கட் டின்னில் பரப்பி, தணலில் வைத்து, மூடிமேலும் தணல் போட்டேன். முதல் தடவை கரி. மறுதடவை — மொறுமொறு! உறைப்பு நாக்கில் ஏறி மூக்கில் இறங்கியது.

மார்ச் 12
நெடிக்குத் தும்மிய அத்தை: “யாருடி இவளுக்கு மொளகா சுத்திப் போட்டது? இப்படி நெடி வருதே, அப்ப கண்ணே படலடி!”

மார்ச் 14
“ரொட்டிய மெல்லிசா தட்டும்மா, முழுங்க முடியல” என்றேன். பாவம், அம்மா நம்பி மெல்லிசாகவே தட்டுகிறாள்.
என் கை பட்டதை யாரும் தொடக்கூடாது. மீனம்மா தொட்டாள், தின்றாள், மடியிலும் கட்டிக்கொண்டு போனாள். கேட்டவர்களிடம் ‘ஹட்டன் கடைச் சரக்கு’ என்றாளாம்.

மார்ச் 16
அப்பா அடுத்த மாதத் திருவிழாவில் கரகம் தூக்குகிறவர். என் சாக்குப் பக்கம் அவர் நிழல்கூட விழாது. அவர்தான் இன்று மீனம்மா வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து கடக் கடக் என்று தின்றார்! “ஹட்டன்காரன் கைய வச்சா அது தனிதான்யா. எங்க வீட்டு ரொட்டியத் தகரத்துக்குப் பதிலா கூரையில போடலாம்.”
சாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்தபோது தோன்றியது. தீட்டுக்காரி கையால் தின்றார் என்று கோயிலில் தெரிந்தால் கரகம் கொடுப்பார்களா? என் பேரக் குடுக்கட்டும். சொல்லிருவேன். எல்லார்கிட்டயும் சொல்லிருவேன்.
சொல்லுவேனா?

மார்ச் 20
நாளைக்குத் தண்ணீர். அப்பா சாக்குக்கு அந்தப் பக்கம் எட்டி நின்று சொன்னார்: “நாளக் கழிச்சு கங்காணியப் பாக்குறேன், பேச்சி.”
மிரட்டுவதற்குப் பழகி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. சாக்குக்கு அடியில் ஒரு கை நிறையத் தள்ளினேன்.
“என்னா இது?”
“ஹட்டன் சரக்குப்பா. நான்தான் செஞ்சேன். என்னைய அங்க போக விடமாட்டேங்குறீங்க. அதான் ஹட்டன இங்க கொண்டாந்துட்டேன்.”
போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.
கடக்.
தெரிஞ்சே திங்கிறாரு! என் ஆயுதம் அவர் வாயிலேயே நொறுங்குது. எனக்கு ஏன் அழுகை வருது?
“உப்புக் கொஞ்சம் கூட” என்றார்.

மார்ச் 27
காலையில் பெரட்டுக் களத்தில் வேலையாட்களின் பேர் கூப்பிட்டார்கள். மீனம்மா பேரைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். கூடையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பேருக்காகக் காத்து நின்றேன். கணக்கப்பிள்ளை கொப்பியை மூடிவிட்டார்.
அப்பா என் பக்கம் வராமலே கேட்டார்: “இந்த வருசப் படிப்பு மட்டுந்தான், ஆமா. சாயந்தரம் ஹட்டன் சரக்கு வருமா?”
“அஞ்சு மணி பஸ்ஸுல வரும்ப்பா.”