இட்லித் தட்டில் ஒரு கார்

ஆரணி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

வந்தவாசியில் உங்கள் அக்கா கைச் சமையல் ருசியாகத்தான் இருக்கும். இங்கே இன்றும் உப்புமா. உங்கள் அப்பா விளையாடிய தகரக் காரைப் பழுது பார்க்கிறேன் என்று பிரித்து, இட்லித் தட்டின் குழிகளில் நீங்கள் பரப்பி வைத்த பல்சக்கரங்களை நான் கொட்டிவிடவில்லை. “இட்லி வேணுமா, கார் வேணுமா?” என்று கேட்டதற்கா பஸ் ஏறுவார்கள்?

நேற்று தறி மெக்கானிக் தனகோடியை வரவழைத்து எல்லாவற்றையும் மறுபடி காரில் பொருத்திப் பூட்டச் சொன்னேன். கார் தயார். முடுக்கத்தான் சாவியில்லை.

“இன்னாக்கா, அண்ணன் கோச்சிகினு போறப்போ சாவியையும் எடுத்துகினு பூட்டாரா?” என்று சிரிக்கிறார்.

உங்கள் சட்டைப் பையில் பாருங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம், தொலைந்துவிடும்.

சாவிக்காக மட்டும்தான் எழுதுகிறேன். தட்டைக் கழுவிவிட்டேன். நாளை மாவு அரைக்கிறேன், இரண்டு பேருக்கு.

இப்படிக்கு,
உப்புமாக்காரி