எந்த எஞ்சினை நம்புவது

உயூனி,
ஆகஸ்ட் 9, 2011

அன்புள்ள எவாரிஸ்தோவுக்கு,

உன் மனைவி சிப்ரியானா எழுதுகிறேன். நானும் மகள் நீவெஸும் சுகம். நீயும் அங்கே சிலியில், கலாமாவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த வருஷம் ஊரில் குளிர் அதிகம். துவைத்துப் போட்ட துணி கொடியில் பலகை மாதிரி விறைத்து நிற்கிறது. லாமாக்களில் ஒரு குட்டி போய்விட்டது, மற்றவை நன்றாக இருக்கின்றன. உணவு விடுதியில் பாத்திரம் கழுவுவதால் உன் கை வெடித்திருக்கிறது என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். லாமாக் கொழுப்பு ஒரு டப்பா அனுப்புகிறேன். வெட்கப்படாமல் தடவிக்கொள்.

இந்தக் கடிதத்தை நம் வீட்டிலிருந்து எழுதவில்லை என்பதைப் பார்த்திருப்பாய். ஆறு நாளாக உயூனியில் இருக்கிறேன். காரணம் கேட்டால் சிரிப்பாய். ஊருக்கு ஒரு ஜீப் வாங்க வந்திருக்கிறேன்.

ஊர்க்கூட்டத்தில் பேச்சை எடுத்தவர் நம் பெரியவர் டான் ஹசிந்தோதான். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான்கு சக்கரமும் இழுக்கிற டீசல் ஜீப் ஒன்று ஊருக்கென்றே இருக்க வேண்டும், பழையதாக இருந்தாலும் சரி என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததும் கூட்டத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. யார் போய்ப் பார்த்து வாங்குவது என்ற கேள்வி வந்தபோது தலைவர் என்னைக் காட்டி, எதையும் நோண்டி நோண்டிக் கேட்கிறவள் இவள்தான், இவளிடம் எந்த வியாபாரியும் பொய் சொல்லித் தப்ப முடியாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டான் ஹசிந்தோ மட்டும் சிரிக்காமல் கையை உயர்த்தினார். அதனால் நானும் ஒப்புக்கொண்டேன்.

வந்த முதல் நாள் எனக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது ஓடும் அல்லது ஓடாது என்பதுதான். பன்னிரண்டு வருஷம் ஒரு டிரைவரோடு குடித்தனம் நடத்தியவள் இப்படி எழுதுவது வெட்கம். நீ பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சூப் கிண்டிக்கொண்டிருந்திருப்பேன்.

ரயிலடிக்குப் பின்னால் செல்சாவின் பட்டறை இருக்கிறதே, அங்கே போய் நின்றேன். உனக்கு அவளைத் தெரியும். புருஷன் போன பிறகு பட்டறையைத் தானே நடத்துகிறாள், சடையில்கூட கிரீஸ். பழைய டீசல் எஞ்சின் கெட்டுப்போகுமா போகாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். வேலையை நிறுத்தாமலே சொன்னாள்.

"எல்லா எஞ்சினும் சாகும்க்கா. எப்ப சாகும்னு சொல்றவன் புளுகுறான். சாகறதுக்கு முன்னாடி அது சத்தம் குடுக்குமா, இல்ல பட்டுனு போயிடுமா? போனா இங்கயே என்னால சரி பண்ண முடியுமா, இல்ல லா பாஸ் வரைக்கும் அனுப்பணுமா? அதைக் கேளு."

அந்தப் பேச்சு எனக்குள் எதையோ திறந்துவிட்டது. அன்றிலிருந்து நான் பட்டறை பட்டறையாகப் போய், செத்த எஞ்சின்களைப் பற்றி விசாரித்தேன். இது எப்படிப் போயிற்று, முதலில் என்ன தெரிந்தது, ஓட்டியவன் அதைக் கவனித்தானா? மக்கள் தொகைக் கணக்கு எடுக்க வந்தவள் போல நோட்டில் எழுதிக்கொண்டேன். சிலர் என்னை அரசாங்கத்து ஆள் என்று நினைத்துப் பேச மறுத்தார்கள். ஒருவர் எனக்கு நாற்காலி போட்டு, தன் மூன்று எஞ்சின்களின் மரணத்தையும் சொந்தக்காரர்களின் சாவு மாதிரி விவரித்தார்.

செல்சாவின் பட்டறையில் கிடந்த ஐந்து ஜீப்பில் மூன்று, ஆறு சிலிண்டர் வைத்த பழைய ரகம். அதனால் அந்த ரகமே மோசம் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் காலையில் சூடான அப்பிச் சோளக்கஞ்சியும் வறுத்த ரொட்டியும் வாங்கிக்கொண்டு, டீசல் போட நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற ஜீப்புகளை எண்ணினேன். அறுபத்து மூன்றில் நாற்பத்தெட்டு அதே பழைய ரகம்! ஊரெல்லாம் அதுதான் ஓடுகிறது; அப்படியானால் பட்டறையில் அது மூன்று கிடப்பதில் என்ன ஆச்சரியம்? புது ரகம் வரிசையில் ஐந்துதான் வந்தது. ஆனால் பட்டறையில் இரண்டு கிடக்கிறது. இதைச் சொன்னபோது செல்சா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இருபது வருஷத்தில் தனக்கு இது தோன்றவில்லையே என்றாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் உடனே தோன்றியது.

இப்போது விலைக்கு இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன். ஒன்று சுற்றுலா ஜீப் வைத்திருக்கும் வில்ஃப்ரெடோவுடையது. புது ரகம், கல்யாணப் பெண் மாதிரி பளபளப்பு, மீட்டரில் குறைந்த ஓட்டம். ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அவ்வளவு குறைவாக ஓடிய வண்டியில் அது ஏன் அப்படித் தேய வேண்டும்? எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்று செல்சா சொல்லியிருந்தாள். காலை ஆறு மணிக்குப் போனேன். பானெட்டில் கை வைத்தால் அடுப்புக்கல் மாதிரிச் சூடு. உனக்காகத்தான் முன்னாலேயே கிளப்பி வைத்தேன் என்றார். மறுநாளும் அதே சூடு. மூன்றாம் நாள் வருவதாகச் சொல்லாமல் ஐந்தரைக்குப் போய் நின்றேன். அன்றைக்கு அது நெடுநேரம் முக்கி முனகிக் கிளம்பி, தெரு மறைகிற அளவுக்கு வெள்ளைப் புகை விட்டது, சூடேறியும் அது நிற்கவில்லை. செல்சா முன்பே சொல்லியிருந்தாள்: கறுப்புப் புகைக்குப் பயப்படாதே, இந்த உயரத்தில் காற்று மெலிசு, எல்லா டீசலும் கொஞ்சம் கறுப்பாக விடும். சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைக்கும் நீலத்துக்கும்தான் பயப்பட வேண்டும். நான் குறிப்பெடுப்பதைப் பார்த்து வில்ஃப்ரெடோ கேட்டார்: "ஏம்மா, நீ வண்டி வாங்க வந்தியா, இல்ல என் மேல கேஸ் போட வந்தியா?"

இன்னொன்று பயிர் ஆலோசனைக்கு ஊர் ஊராகப் போகும் இஞ்சினியர் பெரால்த்தாவுடையது. ஆறு சிலிண்டர், அசிங்கமான பச்சை, ஒரு கதவு கயிற்றில் நிற்கிறது. மீட்டர் எப்போதோ ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்துவிட்டது என்று அவரே சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் கொதித்துப் போய், எஞ்சினின் மேல்பாதியை, அதுதான் ஹெட் என்கிறார்களே, அதை மாற்றியதாகவும் சொன்னார். பயந்துபோய் செல்சாவிடம் ஓடினேன். அவளோ, அப்படியானால் மேல்பாதி புதுசு, நல்லதுதானே என்கிறாள். எவாரிஸ்தோ, இது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. ஒருமுறையும் கெடாததைவிட, கெட்டு, ஏன் கெட்டது என்று தெரிந்து, சரியான ஒன்று மேலாம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செல்சாவின் பட்டறை மூலையில் தார்ப்பாய் போட்டு ஒரு ஜீப் நிற்கிறது. அது நம்முடையது. சுரங்க லாரி அன்றைக்கு அதை இழுத்து வந்து விட்ட இடத்திலேயே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்டேன். செத்ததைத் திறந்து என்ன செய்யப் போகிறாய் என்றாள். "நம்மளுது எப்படிச் செத்துச்சுன்னு தெரியாம ஊருக்கு இன்னொண்ணை எப்படி வாங்குறது?" என்றேன். நாளைக் காலையில் திறக்கிறாள்.


புக்கியோ சிக்கோ,
ஆகஸ்ட் 16

எவாரிஸ்தோ,

எழுதியதை அனுப்ப ஆள் கிடைக்கவில்லை. கிடைக்காததும் நல்லதுதான், இதையும் சேர்த்தே நீ படிக்க வேண்டும்.

போன வருஷத்து அந்த ஏப்ரல் நாளைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. இப்போது சொல்லாமல் மேலே எழுத முடியாது. டான் ஹசிந்தோவின் மனைவி எமெத்தேரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் படுத்திருந்தாள். கணவாயில் ஏறும்போது எஞ்சின் நின்றது. சுரங்க லாரி வரும்வரை ஐந்து மணி நேரம். ஆஸ்பத்திரி வாசலில் அவள் போய்விட்டாள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்க்காமல் ஓட்டிவிட்டேன், முள்ளைப் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று நீ வந்தவர்களிடமெல்லாம் சொன்னாய். மூன்று வாரத்தில் எல்லையைக் கடந்து போய்விட்டாய். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

செல்சா ஹெட்டைக் கழற்ற அரைநாள் ஆயிற்று. கழற்றிக் கவிழ்த்து வைத்தபோது, இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அது காரணமில்லை, விளைவு என்றாள். பிறகு தண்ணீர் ஓடும் துளைகளைக் காட்டினாள். விரல் நுழைய வேண்டிய இடத்தில் தீக்குச்சிகூட நுழையவில்லை. உள்ளே முழுக்க வெள்ளையாய்க் கல் மாதிரிப் படிந்து கிடந்தது. எனக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தினமும் பார்க்கிறேனே, நம் வீட்டுக் கெண்டியின் உள்பக்கம் அப்படித்தான் இருக்கும்.

ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று செல்சா கேட்டாள். ஊர் ஊற்றுத் தண்ணீர் என்றேன். யார் ஊற்றியது என்று அவள் கேட்கவில்லை. கேட்காததையும் நானே சொன்னேன். நான்தான். தினமும் காலையில் நீ ரொட்டி தின்று முடிப்பதற்குள், உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று நீலக் கேனிலிருந்து நான் ஊற்றினேன். ஒன்பது வருஷம். உப்புத் தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றலாமா என்று ஒரு நாளும் ஒருவரையும் கேட்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் கேட்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று. வெப்பத்தைக் காட்டும் முள்ளுக்குக் கம்பி போகும் ஒரு சின்னப் பித்தளைக் குமிழை அவள் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். அதுவும் வெள்ளையாக, சுண்ணாம்புக்குள் புதைத்த மாதிரி இருந்தது. அப்போது அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"அன்னிக்கே இது குருடாகிப் பல மாசம் ஆகியிருக்கும்க்கா. உள்ள கொதிச்சாலும் முள்ளு நடுவுலதான் நின்னிருக்கும். அவரு கண்கொட்டாம பார்த்துக்கிட்டே ஓட்டியிருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

நீ பார்த்தாயோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பார்த்திருந்தாலும் அந்த முள் உன்னிடம் பொய்தான் சொல்லியிருக்கும். அந்தக் குமிழை இந்தக் கடிதத்தோடு துணியில் முடிந்து அனுப்புகிறேன். என் வார்த்தையை நம்ப வேண்டாம், உன் கண்ணால் பார்த்துக்கொள்.

நான் இஞ்சினியர் பெரால்த்தாவின் பச்சை ஜீப்பைத்தான் வாங்கினேன். வாங்குமுன் அதன் ஹெட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செல்சா தட்டித் திருப்பிப் பார்த்தாள். காலைக் குளிரில் கொஞ்சம் இருமிவிட்டுக் கிளம்பியது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஓட விட்டோம்; ஹெட் விரிந்திருந்தால் வரும் குமிழி வரவில்லை. ஆயில் மூடியின் அடியில், தண்ணீர் கலந்தால் தெரிகிற பால் திரிந்தது மாதிரி எதுவும் இல்லை. ஆறு மூட்டை கீன்வா தானியம் ஏற்றிச் சுரங்கச் சாலை மேட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். ஆயில் ஓர் இடத்தில் கசிகிறது. அது கண்ணுக்குத் தெரிகிற கசிவு என்பதால் எனக்கு அதில் பயமில்லை. கெடாது என்று நான் சொல்லவில்லை. கெடுவதற்கு முன் நமக்குச் சொல்ல அதற்கு வாய் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஊருக்கு வந்ததும் முதலில் டான் ஹசிந்தோ வீட்டுக்குப் போனேன். அவர் தொழுவத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கேனை, ஒன்பது வருஷத்தை, குமிழை. அவர் கடைசிக் கல்லைச் சரியாக உட்கார வைக்கும்வரை திரும்பவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"அந்தத் தண்ணியத்தான் நாங்களும் எங்க வண்டிக்கெல்லாம் ஊத்துனோம் சிப்ரியானா. நானும் யாரையும் கேக்கல" என்றார். கை மண்ணைத் தட்டிவிட்டு, எவாரிஸ்தோவுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியென்றால் இங்கே ஏன் நிற்கிறாய், போய் எழுது என்றார். ஜீப்பை ஒப்படைக்கிற கூட்டம் நேற்றோடு முடிந்தது, அதனால்தான் இன்று சமைக்காமல்கூட உட்கார்ந்து எழுதுகிறேன். நீவெஸ் பக்கத்து வீட்டில் சாப்பிடுகிறாள்.

புது ஜீப்புக்குக் கடையில் விற்கும் பச்சைக் கூலன்ட்தான் ஊற்ற வேண்டும் என்று கூட்டத்தில் சொல்லி, ரேடியேட்டருக்குப் பூட்டும் போட்டிருக்கிறோம். சாவி டான் ஹசிந்தோவிடம். நானும் ஓட்டப் பழகுகிறேன். நேற்று பந்தாட்ட மைதானத்துக் கோல் கம்பத்தில் இடித்தேன். கம்பத்துக்குத்தான் சேதம்.

ஒன்றரை வருஷமாக நீ சுமந்தது பாதிக்கு மேல் என்னுடையது. தெரியாமல் சுமக்க விட்டேன். இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால், அந்தக் கோபத்தையே நாலு வரி எழுதி அனுப்பு. எப்போதும் போலப் பணத்தைச் சுற்றிய வெறும் தாளை மட்டும் அனுப்பாதே.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் அடுத்த செவ்வாய்க்கிழமை வரை கலாமாவில் இருப்பார். திரும்பும்போது தன் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும் என்றார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

அந்தோணியார் உன் கூடவே நடக்கட்டும். மார்பை மூடிக்கொண்டு தூங்கு.

உன்,
சிப்ரியானா