பீரோவுக்குள் புது ஒயர்

ஆவணி, ஞாயிறு இரவு.

சேலத்துக் கடைக்காரர் நேற்று வந்து, ஸ்பீக்கருக்குப் புது ஒயர் மாட்டிவிட்டுப் போனார். அந்த விலைக்கு ஒரு கறவை மாடே வாங்கலாம். எனக்கு அப்போதே சந்தேகம். காலையில் கூட்டிப் பெருக்கும்போது அதைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு பார்த்துப் பழைய ஒயரையே மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்டார். "பாத்தியா புள்ள, புது ஒயர்ல பாடறவன் மூச்சு உடறதுகூடக் கேக்குது" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கடைக்காரன் நன்றாகத்தான் ஏமாற்றியிருக்கிறான்.

பாட்டு நின்றதும் பின்னாலிருந்து, "ஏனுங்க, சாப்பிட வாங்க" என்றேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டார். "வாய்க்குள்ளயே கூப்பிட்டா எப்படிப் புள்ள கேக்கும்?"

இத்தனை வருஷமாகப் போர்வெல் வண்டியில், கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்றவர்.

பழைய செட்டில் சத்தம் மங்கிவிட்டது என்றுதானே இந்த ஸ்பீக்கர் செட்டையே வாங்கினார்? எனக்கு அந்தப் பழையதில் எல்லாமே நன்றாகக் கேட்டதே.