டெக்கரின் முழங்கை, என் கையுறை

ஜூலை 19, வெள்ளி

லூயிவில் பேஸ்பால் மைதானத்தில் இன்றும் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. வேலிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் கொட்டடியில், எறிகிறவர்கள் கை பழகும் இடத்தில், டெக்கருக்கு இருபத்திரண்டு பந்து பிடித்து, கையைச் சூடேற்றி அனுப்பினேன். கடைசி, ஒன்பதாவது சுற்றில் எறிய இறங்கி, அடிக்க வந்த மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பினான். ஜெயித்தோம். அக்டோபர் கோப்பை ஆட்டங்களுக்குப் போக இன்னும் இரண்டே ஆட்டம்தான் பின்தங்கியிருக்கிறோம்.

எல்லோரும் குதித்தார்கள். எனக்கு மட்டும் மனசு சரியில்லை. பதினைந்தாவது பந்துக்குப் பிறகு அவன் பந்து கையுறையில் வந்து விழுகிறது. முன்பெல்லாம் அறையும்.

மனைவி டோரீனிடம் சொன்னேன். "உனக்கு நாப்பத்தேழு வயசாச்சு, உள்ளங்கை மரத்துப்போச்சு, அவனச் சொல்றியா" என்றாள். இருக்கலாம்.

ஜூலை 22, திங்கள்

என் கை மரத்துப்போகவில்லை. அவன் கைதான்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகு டெக்கர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு பந்தை வலது கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை நான் எடுத்துக் கொடுத்தேன்.

"எத்தனை நாளா?"

"ஜூன்லருந்து. முழங்கை இழுக்குது. மோதிர விரலும் சுண்டு விரலும். பதினஞ்சு பந்துக்கு மேல போனா இருக்கா இல்லையான்னே தெரியல."

"டாக்டர்கிட்ட—"

"வாய மூடுடா ஆர்லோ. உனக்கும் எனக்கும் மட்டும். சரியா?"

சரி என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? பத்து வருடத்தில் மூன்று அணி மாறிவிட்டான். ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போடும் முன் "என் பந்தப் பிடிக்க ஆர்லோ வரணும்" என்று சொல்லித்தான் போட்டிருக்கிறான். பெரிய ஆட்டத்தில் ஒரு பந்துகூட அடிக்காதவன் நான். இந்தச் சட்டையை நான் இன்னும் போட்டிருப்பதே அவன் சொன்ன அந்த ஒரு வரியால்தான்.

ஜூலை 24, புதன்

தோற்றோம். டெக்கருக்கு வேலையில்லை. நிம்மதியாகத் தூங்கினேன், வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நோரா வின்ஸ்லேட். என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. கதவைத் தானே சாத்தினார்.

"உட்காருங்க ஆர்லோ. போர்ட்லாண்ட்காரங்க ஓர்டாஸைத் தர்றேங்கறாங்க. பதிலுக்கு வீம்ஸ் வேணுமாம்."

ஓர்டாஸ் இப்போது ஒன்பதாவது சுற்றில் எறிகிறவர்களில் மிரட்டலானவன். ஆனால் அவன் ஒப்பந்தம் அக்டோபரோடு முடிகிறது. வீம்ஸ் இருபத்திரண்டு வயதுப் பையன், எங்கள் ஷார்ட்ஸ்டாப், உள்மைதானத்தில் நின்று பந்து தடுக்கிறவன். கீழ்நிலை அணியிலிருந்து மே மாதம்தான் மேலே வந்தான், ஊரே அவன் பெயர் போட்ட சட்டையில் திரிகிறது. இன்னும் ஆறு வருடம் எங்களிடமே இருப்பான்.

"ரெண்டு மாசத்துக்காக ஆறு வருஷத்தக் கொடுக்கணும். டெக்கர் தாங்குவார்னா எனக்கு ஓர்டாஸ் வேண்டாம். தாங்க மாட்டார்னா வேற வழியில்ல. வேகம் ஒரு மைல் குறைஞ்சிருக்கு. அது வெயிலா, கையா? ஸ்டப்ஸைக் கேட்டேன். 'கையுறைச் சத்தம் கேக்குது இல்ல, கை ஜோரா இருக்கு'ங்கறார். நீங்க என்ன சொல்றீங்க?"

ஸ்டப்ஸ் எங்கள் எறிதல் பயிற்சியாளர். அவர் சொன்ன அந்தச் சத்தம்—அது டெக்கரின் சத்தமே இல்லை. என்னுடையது. பதினாறு வருடமாக எண்ணெய் போட்டுப் பழக்கிய கையுறை. பந்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் வாங்கினால் துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்கும். எறிகிறவனுக்கு நெஞ்சு நிமிரும். உள்ளங்கையில் வாங்கினால் தலையணையில் குத்தியது போலத்தான் இருக்கும். கொட்டடியில் பந்து பிடிக்கிறவன் எவனும் இதைச் செய்வான், எங்கள் வேலையில் பாதி இதுதான். ஸ்டப்ஸுக்கும் தெரியும், அவரே ஒரு காலத்தில் பிடித்தவர்தான். தெரிந்தும் நம்புகிறார். நல்ல சத்தம் கேட்டால் எல்லோருக்கும் புத்தி மழுங்கிவிடுகிறது.

ஜூன் முழுக்க, ஜூலை முழுக்க அவன் கை தளரத் தளர நான் சத்தத்தைக் கூட்டியிருக்கிறேன். தெரியாமல் செய்தேனா? தெரிந்தேதான்.

"பாத்துச் சொல்றேன் மேடம்" என்று எழுந்து வந்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி.

ஜூலை 28, ஞாயிறு

இன்று டெக்கரை இறக்கினார்கள். பத்தொன்பது பந்து. ஜெயித்தோம். ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டில் இடது கையால்தான் எல்லோருக்கும் கை கொடுத்தான். யாருமே கவனிக்கவில்லையா?

ஜூலை 29, திங்கள்

ஆட்டம் இல்லை. ஆற்றங்கரைக் கடையில் டெக்கரும் நானும் வறுத்த கெளுத்தி மீன் சாப்பிட்டோம். முள்கரண்டியை இடது கைக்கு மாற்றிப் பிடித்திருந்தான்.

நோரா கேட்டதைச் சொன்னேன். மறைக்கவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்கு வேலியோரம் வந்து பாக்கறாங்களாம்."

"அப்ப நாளைக்கு நல்லாப் பிடி. அவ்வளவுதான்."

"கை போயிடும்டா."

"போனாப் போகட்டும். பதினாலு வருஷம், ஆர்லோ. ஒரு அக்டோபர் கூட ஆடல. ஒரே ஒரு தடவை. அப்புறம் இந்தக் கைய வெட்டி ஆத்துல போட்டாலும் எனக்குக் கவலையில்ல."

"உன் பொண்ணத் தூக்க வேண்டாமா அந்தக் கையால?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. மீனைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான். நானே சாப்பிட்டு முடித்தேன், ருசி தெரியவில்லை.

என்னதான் செய்யட்டும்? மறைத்தால் வீம்ஸ் இங்கேயே இருப்பான், டெக்கர் ஒன்பதாவது சுற்றில் நிற்பான், ஒருநாள் ஐம்பதாயிரம் பேர் முன்னால் அந்த முழங்கை பிய்த்துக்கொள்ளும். சொன்னால் வீம்ஸ் போவான், டெக்கருக்கு நான் துரோகி, எனக்கு அடுத்த வருடம் வேலை இருக்காது. எனக்கு வேலை போவதைப் பற்றி எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலை 30, செவ்வாய்

மாலை நான்கு மணி. நோராவும் ஸ்டப்ஸும் வேலியோரம் வந்து நின்றார்கள். நோரா கையில் குறிப்பேடு. டெக்கர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பழைய டெக்கர்.

முதல் ஐந்து பந்தைப் பள்ளத்தில் வாங்கினேன். பழக்கம். வெடித்தது. ஸ்டப்ஸ் சிரித்தார். "கேட்டீங்களா மேடம்?"

ஆறாவதை உள்ளங்கையில் வாங்கினேன்.

தொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஏழாவதும் அப்படியே. எட்டாவதில் டெக்கர் பந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது. என் உள்ளங்கை எரிந்தது. அவனோ முழு வேகத்தில் எறிய ஆரம்பித்தான், கோபத்தில், என் கையையே குறிவைத்து. பதினெட்டாவது பந்து என் தலைக்கு இரண்டு அடி மேலே போனது. அடுத்தது தரையில் குத்தியது. அது கோபமில்லை. விரல்.

ஆனால் உள்ளங்கையில் வாங்கியதும் ஒரு பொய்தானே? முன்பு கூட்டிக் காட்டினேன், இன்று குறைத்துக் காட்டினேன். வாயைத் திறக்கத் துப்பில்லாதவன் கையுறையை முன்னே தள்ளுகிறான்.

நோராவுக்குச் சத்தத்தில் வித்தியாசமே தெரியவில்லை. நேராக என்னைத்தான் கேட்டார். "சொல்லுங்க ஆர்லோ. தாங்குவாரா?"

டெக்கர் பத்தடி தூரத்தில் நின்றிருந்தான்.

"மாட்டான் மேடம். ரெண்டு விரல் மரத்துப்போகுது. ஜூன்லருந்து. எனக்குத் தெரியும்."

ஸ்டப்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். டெக்கர் கையிலிருந்த பந்தைப் புல்லில் மெதுவாக வைத்தான். எறியக்கூட இல்லை. வைத்துவிட்டு நடந்து போனான்.

ஜூலை 31, புதன்

பகல் ஆட்டம். அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கெடு மாலை ஆறு மணி. இரண்டரைக்கு, ஆறாவது சுற்றில், வீம்ஸை வெளியே கூப்பிட்டார்கள். அடிபடவில்லை, தப்பு செய்யவில்லை, நடுவில் கூப்பிட்டால் எங்களுக்கெல்லாம் அர்த்தம் தெரியும். டக்அவுட்டில் ஒவ்வொருவராக எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தார்கள். அதை மைதானத்துப் பெரிய திரையில் காட்டியதும் கூட்டமே எழுந்து நின்றது. பையன் நடுவில் நின்று "எங்கே? எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஐந்தே முக்காலுக்கு அறிவித்தார்கள். வீம்ஸ் போர்ட்லாண்டுக்கு. ஓர்டாஸ் எங்களுக்கு. டெக்கர் காயம்பட்டவர் பட்டியலில்.

டெக்கர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். போய் நின்றேன்.

"பத்து வருஷம் உன்னக் கூடவே கூட்டிட்டு அலைஞ்சேன்டா."

"தெரியும்."

"தெரிஞ்சே செஞ்ச."

"ஆமா."

வீட்டுக்கு வந்துவிட்டேன். உள்ளங்கை வீங்கிக் கிடக்கிறது. டோரீன் ஐஸ் கட்டி வைத்தாள். அவளுக்குப் புண்ணியம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஸ்டப்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. முழங்கைத் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறதாம். "இன்னும் ரெண்டு மூணு ஆட்டம் போயிருந்தா முழுசா அறுந்திருக்கும்"னு டாக்டர் சொன்னாராம். கத்தி வைக்காமல் ஓய்விலேயே ஆறலாமாம். ஆறலாம். ஆறாமலும் போகலாம்.

டெக்கருக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வீம்ஸ் போர்ட்லாண்டில் இன்று இரண்டு ஹோம் ரன். டோரீன் டிவியை அணைத்துவிட்டாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

முடிந்தது. ஒரே ஒரு ஆட்டத்தில் அக்டோபர் போய்விட்டது.

ஓர்டாஸ் நல்லவன், வஞ்சகமில்லாமல் எறிந்தான். பதினாறு ஆட்டத்தில் பதினான்கைக் காப்பாற்றினான். போன அந்த இரண்டில் ஒன்று நின்றிருந்தால் போதும். வீம்ஸ் இருந்த இடத்தில் நின்றவன் ஆகஸ்டில் விட்ட பந்துகளைப் பற்றி எழுதவே வேண்டாம். காரில் வரும்போது ரேடியோவில் ஒருவர் மாற்றி ஒருவர் நோராவைத் திட்டினார்கள். "எந்த மடையன் அந்தம்மாவுக்கு யோசனை சொன்னானோ" என்றார் ஒரு பெரியவர்.

நான்தான் ஐயா.

டெக்கர் எறிந்திருந்தால் போயிருப்போமா? செப்டம்பரில் கை அறுந்து இதே ஒரு ஆட்டத்தில்தான் நின்றிருப்போமா? கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் விடை வரவில்லை. தினமும் போடுகிறேன்.

நவம்பர் 6, புதன்

அடுத்த வருடமும் வரச் சொல்லி அணியிலிருந்து கடிதம். டெக்கர் சொல்லாமல் வந்த முதல் கடிதம். டோரீனுக்குச் சந்தோஷம். நான் மேசையில் போட்டு வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 12, வியாழன்

காலை பத்து மணிக்கு போன். "டேய், பாப்பா படிக்கிற பள்ளிக்கூட ஜிம்முக்கு வா. கையுறை எடுத்துட்டு வா." நான்கு மாதத்துக்குப் பிறகு அவன் குரல். வைத்துவிட்டான்.

பழைய கையுறையைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்தேன். கடையில் வாங்கி இன்னும் பிரிக்காத புதியது ஒன்று இருந்தது. பலகை மாதிரி விறைப்பு. அதில் எந்தக் கொம்பனாலும் சத்தம் வரவழைக்க முடியாது. அதைத்தான் கொண்டுபோனேன்.

டெக்கர் இளைத்திருந்தான். அவன் மகள் கூடையில் பந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மன்னிப்பு, விசாரிப்பு எதுவுமில்லை. கையுறையைப் பார்த்தான்.

"புதுசா?"

"ம்."

"சரி. உக்காரு."

மெதுவாக ஆரம்பித்தான். தொப், தொப். பத்து வரை எண்ணினேன். பிறகு அவன் விரல்களையே பார்த்தேன். பதினாறு. பதினேழு. பந்தைப் பிடித்த பிடி தளரவில்லை. இருபதாவதுக்குக் காலைத் தூக்கி, பழைய மாதிரி, முழுசாகத் திரும்பி எறிந்தான்.

வெடித்தது. அந்தப் பலகையில். சுவரில் மோதித் திரும்பி வந்தது சத்தம். பாப்பா காதைப் பொத்திக்கொண்டாள்.

டெக்கர் என் முன்னால் வந்து நின்றான்.

"நீ செஞ்சியா?"

"இல்லடா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குனிந்து, என் கையுறைக்குள்ளிருந்த பந்தை வலது கையாலேயே எடுத்துக்கொண்டு, பின்னால் நடந்தான்.

"இன்னொண்ணு போடறேன். பிடி."