அப்பாவை ஊருக்கு அனுப்பும் பணம்

அன்பு மகளே,

அமெரிக்காவில் இருக்க அனுமதிப் பேப்பர் இல்லாதவளுக்கு அரசு உதவி கிடையாது, படிப்பை விடுகிறேன் என்றாயே, வேண்டாம். கல்லூரிக் கட்டணத்தை இன்று கட்டிவிட்டேன்.

அப்பாவின் உடலை மெக்சிகோவுக்கு அனுப்பத் தெருவே உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணம் அது. அதை உன் படிப்புக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று துக்கத்துக்கு வந்தவர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சமையலறையில் வந்தவர்களுக்காகச் சோள இலையில் தமாலே மடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு எவுலாலியாதான் பேசினாள்: "செத்தவருகிட்ட எல்லையில யாரு பேப்பர் கேக்கப்போறா? மெதுவாப் போகட்டும். மொதல்ல புள்ள படிக்கட்டும்டி." எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் புருஷன் மட்டும், "சொந்த மண்ணுல படுக்கணும்னு கெடந்தானே, பாவி மனுசன்" என்று எழுந்து போய்விட்டார்.

அப்பாவை இங்கேயே எரித்தோம். சாம்பல் பெட்டி உன் கட்டிலில் இருக்கிறது. எனக்கும் பேப்பர் இல்லை; நான் ஊருக்குக் கொண்டுபோனால் எல்லை தாண்டி உன்னிடம் திரும்பி வர வழியில்லை. என்றைக்காவது உனக்குப் பேப்பர் கிடைத்தால், நீ கொண்டுபோய் அவரைப் படுக்க வை.

அதுவரை, லீவுக்கு வந்தால் என்னோடு படுத்துக்கொள்.

உன் அம்மா